எட்கர் எழுந்து நின்ன ஞாயிறு

அந்த நாற்காலி வேணாம்மா, அதுல ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னலோரமா வாங்க. கோட்டைக் குடுங்க, சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, ரேடியேட்டர் மேல போட்டா காஞ்சிடும். வேணாமா? சரி, போட்டுக்கிட்டே உக்காருங்க. கதவுப் பக்கமாவே இருக்கணுமா? உங்க இஷ்டம். அங்க காத்து அடிக்கும், அவ்வளவுதான்.

சீக்கிரம் வந்ததுக்கு எதுக்கும்மா மன்னிப்பு? பத்தரைக்குத்தான் கூட்டம். இன்னும் பத்தே அடிக்கல. நான் எப்பவும் முன்னாடியே வந்து நாற்காலி போட்டுடுவேன். வட்டமாத்தான் போடணும். நடுவுல ஒரு மேசை, அதுல ஒரு பூ. சாமி மேடை, பாட்டு, பிரசங்கம், ஒண்ணும் கிடையாது. ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருப்போம். படிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க, அப்ப நான் சொல்ல வேண்டியதில்ல.

மேடம் எல்லாம் வேணாம். எங்ககிட்ட மேடம், சார், டாக்டர் எதுவும் கிடையாது. முந்நூறு வருஷத்துக்கும் முன்னாடி ராஜாவுக்கே தொப்பியைக் கழட்ட மாட்டேன்னு ஜெயிலுக்குப் போன நண்பர்கள் சபைக்காரங்க நாங்க. வினிஃப்ரெட்னு கூப்பிடுங்க. உங்க பேரு? ஜூடித். இந்தாங்க, இந்த ஸ்டிக்கர்ல எழுதி கோட்டு மேல ஒட்டிக்கோங்க. டீ குடிக்கும்போது எல்லாரும் முதல்ல அதைப் படிப்பாங்க. அப்புறம்தான் மூஞ்சியைப் பாப்பாங்க.

கம்ப்யூட்டர்ல பாத்து வந்தீங்களா? என்ன போட்டிருக்கு அதுல? உங்களுக்கு வேண்டிய புத்தகமும் உதவியும் உறவும் இங்க கிடைக்கும்னா? ரோசலிண்ட் எழுதினது. அவதான் எங்க கிளார்க். கிளார்க்னா தலைவர்தான், ஆனா தலைவர்னு சொல்லிடக் கூடாது, எங்ககிட்ட எல்லாரும் சமம். பொய் சொல்ல மாட்டா ரோசலிண்ட். அவ சொன்னது எல்லாமே இங்க இருக்கு, வாங்க காட்டறேன். இல்ல, நீங்க எழுந்திரிக்க வேணாம், இங்க இருந்தே தெரியும்.

அது புத்தக அலமாரி. பேசில் பாத்துக்கறார். எழுநூத்துச் சொச்சம் புத்தகம், ஒவ்வொண்ணுக்கும் முதுகுல நம்பர். மௌனத்தைப் பத்தி மட்டும் ஒரு தட்டு முழுக்க இருக்கு. இந்தப் பக்கம் துண்டுப் பிரசுரம். நீங்கள் தனியாக இல்லைன்னு நீலத்துல ஒண்ணு, பச்சையில ஒண்ணு. ரெண்டையும் எடுத்துக்கோங்க, யாரும் எடுக்கறதில்ல. செவ்வாய்க்கிழமை படிப்புக் குழு. வியாழக்கிழமை இன்னொரு குழு, மௌனத்துல நமக்கு என்ன நடக்குதுன்னு பேசறதுக்கு. ரெண்டு மணி நேரம் பேசுவாங்கம்மா அதைப் பத்தி. நான் போறதை விட்டுட்டேன்.

அந்தச் செவுத்துப் பலகையில பாருங்க, மஞ்சக் காகிதம். அதுதான் உதவிப் பட்டியல். யார்கிட்ட கார் இருக்கு, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க, யார் ஒரு மத்தியானம் வந்து படுத்தவங்க பக்கத்துல உக்காந்திருப்பாங்க, யார் சூப் வெச்சுக் கொண்டாந்து குடுப்பாங்க, எல்லாம் பேரு நம்பரோட இருக்கு. பதினாலு பேரு. நாலாவது பேரு என்னுது. சமையக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு அலமாரி, அதுல சக்கர நாற்காலி ஒண்ணு, ஊனி நடக்கிற சட்டம் ரெண்டு. மேசைத் துணியெல்லாம் போட்டு மூடி வெச்சிருக்கே, அது ஆளைத் தூக்குற மெஷின். படுக்கையில கிடக்கறவங்களைத் துணித் தொட்டில்ல மாட்டி, கைப்பிடியை அழுத்தினா தானா தூக்கிக் குடுத்துடும். எங்க சபை நண்பர் ஒருத்தர் செத்துப் போறப்ப எங்களுக்கு விட்டுட்டுப் போனது. நல்ல மெஷின். அது மேலதான் அந்தத் துணியெல்லாம் காயப் போடுவோம்.

எனக்கு அதெல்லாம் பழக்கம்மா. முப்பத்திரெண்டு வருஷம் நர்ஸ். ஆஸ்பத்திரி நர்ஸ் இல்ல, வீடு வீடாப் போற நர்ஸ். இந்த ஊரு, மேல இருக்கற பண்ணை வீடுங்க, எல்லாம் நம்ம எல்லை. பனியில கார் போகாதப்ப டிராக்டர்ல ஏறிப் போயிருக்கேன்.

போன் வெளிச்சம் அடிக்குது பாருங்க. பாத்துக்கோங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஒண்ணுமில்லையா? சரி.

கொஞ்சம் அமைதி வேணும்னு வந்தீங்களா. நல்லது. எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க.

ஆமா, யார் வேணா பேசலாம். உள்ளேயிருந்து ஒரு வார்த்தை முட்டிக்கிட்டு வந்தா எழுந்து நின்னு சொல்லலாம். அதுக்குப் பேரு ஊழியம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ஜூடித். யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. சொல்லக் கூடாது. ஒருத்தர் பேசி முடிச்சா அந்த வார்த்தை உள்ள இறங்கட்டும்னு அப்படியே விட்டுடணும். குறுக்குக் கேள்வி கேக்கறது, ஏன் எதுக்குன்னு விசாரிக்கறது எல்லாம் இங்க மரியாதைக் குறைவு. அழகான வழக்கம்தான். நானே எத்தனை பேருக்கு இதே இடத்துல நின்னு பெருமையா சொல்லியிருக்கேன் தெரியுமா?

இப்ப உங்களுக்குப் பெருமையாச் சொல்லல. எச்சரிக்கையாச் சொல்றேன். உங்களுக்கு ஏதாவது வேணும்னா, அங்க உள்ள எழுந்து நின்னு சொல்லாதீங்க. டீ குடிக்கற இடத்துல சொல்லுங்க. கக்கூஸ் வாசல்ல சொல்லுங்க. இங்க என்கிட்ட சொல்லுங்க.

ஏன்னு கேக்கறீங்களா? எட்கர்னு ஒருத்தர் வந்துக்கிட்டிருந்தார். எட்கர் தஃப்டன். கம்பளி மில்லுல கணக்கரா வேலை பாத்து ஓய்வு பெற்றவர், எழுபத்தியோரு வயசு. உங்களை மாதிரிதான் வந்தார், ஒரு ஞாயித்துக்கிழமை, சீக்கிரமா, கோட்டைக் கழட்டாம. ஒன்றரை வருஷம் வந்தார். கதவுக்குப் பக்கத்து நாற்காலி. பதினொன்றரைக்கு முடிஞ்சதும் ஒரு வாய் டீ, உடனே ஓட்டம். வீட்டுக்காரி நோராவுக்கு நரம்பு வியாதி. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. அது எல்லாருக்கும் தெரியும். கூச்சக்காரர், தொந்தரவு பண்ண மாட்டார்னும் தெரியும். வாராவாரம் நோரா எப்படி இருக்காங்கன்னு கேப்போம். அப்படியேதான் இருக்காம்பார். அவங்களை வெளிச்சத்துல வெச்சுக்கறோம்னு சொல்லுவோம். எங்க பாஷையில அது ஜெபம் மாதிரி. ஒருத்தரை மனசுல நினைச்சு கடவுளோட வெளிச்சத்துல நிறுத்தறது. செலவில்லாத வேலை, சோபாவை விட்டு எழுந்திரிக்கக்கூட வேணாம்.

சிரிக்காதீங்க. சிரிச்சா பரவால்ல, சிரிங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி பிப்ரவரி. அன்னைக்குக் கூட்டத்துக்கு அப்புறம் எல்லாரும் கொண்டாந்து பகிர்ந்து சாப்பிடற சாப்பாடு. இருபது பேர் இருந்தோம். பதினொண்ணே காலுக்கு மேல எட்கர் எழுந்து நின்னார். ஒன்றரை வருஷத்துல முதல் தடவை. நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு, தரையைப் பாத்துக்கிட்டு சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை எனக்கு மனப்பாடம். தினம் காலையில அவளை நான் தூக்கறேன். கொஞ்ச நாளா என் கை நடுங்குது. ஒருநாள் அவளைக் கீழ போட்டுடுவேன்னு பயமா இருக்கு. அவ்வளவுதான் சொன்னார்.

நீங்க என்ன நினைச்சிருப்பீங்க, ஜூடித்? நேரா மனசுல பட்டதைச் சொல்லுங்க. ஆங். தெருவுல போற எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். ஐயோ பாவம், யாராவது போய் ஒரு கை பிடிங்கன்னு.

நாங்க அப்படி நினைக்கல. நாங்க கண்ணை மூடிக்கிட்டோம். எவ்வளவு ஆழமா இருக்குன்னு நினைச்சோம். தூக்கறதுன்னா என்ன, தூக்கப்படறதுன்னா என்ன, நாம எல்லாரும் நடுங்கற கையிலதானே இருக்கோம்னு அவங்கவங்க உள்ள அசை போட ஆரம்பிச்சாங்க. பேசிலுக்குக் கண்ணுல தண்ணி. இந்தத் தப்பை வேற எந்தக் கோயில்லயும் செய்ய மாட்டாங்கம்மா. பாடிக்கிட்டிருக்கற சர்ச்சுல ஒருத்தன் எழுந்து இதைச் சொன்னா பாட்டை நிறுத்திட்டு என்னப்பா ஆச்சுன்னு கேப்பாங்க. நாங்க ரொம்ப நல்லாக் கேக்கத் தெரிஞ்சவங்க, அதனால எங்களுக்குக் கேக்கல.

அப்புறமும் அவர் உக்காரல. நின்னுக்கிட்டே இருந்தார். வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒருத்தர் நிக்கிற வரைக்கும் கூட்டத்தை முடிக்கக் கூடாது, அதுவும் வழக்கம்தான். முடிக்கறது மூப்பரோட வேலை. மணியைப் பாத்து, பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கை குடுத்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம், உடனே எல்லாரும் எல்லாருக்கும் கை குடுத்துக்குவாங்க. அன்னைக்கு டூட்டியில இருந்த மூப்பர் ஒரு கிழவி. அவ செஞ்ச ரைஸ் புட்டிங் சமையக்கட்டு அடுப்புல இருந்துச்சு. அடி பிடிச்சிடுமோன்னு அவளுக்குக் கவலை. எட்கர் பேசினது நல்ல முடிவுன்னும் தோணிடுச்சு. பதினொண்ணு இருபத்தியெட்டுக்கே பேசிலுக்குக் கையை நீட்டிட்டா. ரெண்டு நிமிஷம் முன்னாடி. எட்கர் இன்னும் நின்னுக்கிட்டுதான் இருந்தார். வாயில ஏதோ இருந்துச்சு. என்னன்னு இனிமே யாருக்கும் தெரியாது.

ஆமா, கோவமாத்தான் பேசறேன். ஏன், பேசக் கூடாதா?

டீ நேரத்துல எல்லாரும் அவரைச் சுத்திக்கிட்டாங்க. உங்க ஊழியம் மனசைத் தொட்டுச்சு எட்கர், ரொம்ப நன்றி எட்கர். அவர் ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்தார். எங்க மூஞ்சியெல்லாம் அவ்வளவு கனிவா இருந்துச்சு. அதைப் பாத்துட்டு அவர் என்ன நினைச்சிருப்பார் சொல்லுங்க. புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நினைச்சிருக்கார். சிரிச்ச மூஞ்சியோட வீட்டுக்குப் போனார். செவ்வாய்க்கிழமைப் படிப்புக் குழுவுல அவர் வார்த்தையையே பாடமா எடுத்துக்கிட்டாங்க. ரோசலிண்ட் பலகையில தூக்குதல்னு எழுதி கீழ ஒரு கோடு போட்டா.

அந்த வாரம் முழுக்க அந்த வீட்ல என்ன நடந்துச்சுன்னு நோரா எனக்குச் சொன்னாங்க, பின்னாடி. ஞாயித்துக்கிழமை போனவுடனே எட்கர் சொன்னாராம், சொல்லிட்டேன் நோரா, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், வருவாங்க. திங்கக்கிழமை மூணு மணிக்கு தட்டுல நாலு கப் எடுத்து வெச்சிருக்கார். ரெண்டு பேர் வந்தா போதாதா, எதுக்கு நாலுன்னு நோரா கேட்டிருக்காங்க. நாமளும் குடிக்கணுமேன்னாராம். செவ்வாய், புதன், வியாழன். தினம் மூணு மணிக்கு எடுத்து வெக்கறது, அஞ்சு மணிக்கு உள்ள கொண்டு போறது. வெள்ளிக்கிழமை நல்ல பிஸ்கெட் வாங்கிட்டு வந்திருக்கார்.

ஞாயித்துக்கிழமை காலையில மாடியிலேர்ந்து அவங்களைத் தூக்கிக்கிட்டு இறங்கறப்ப விழுந்துட்டார். அவர் அடியில, நோரா மேல. அதனாலதான் அவங்க பிழைச்சாங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்காங்க. அந்தத் தெருவுல பாதி வீடு லீவுக்கு வர்றவங்களோடது, பிப்ரவரியில பூட்டித்தான் கிடக்கும். எங்க வாசல்லேர்ந்து முந்நூறு அடிகூட இருக்காது. இந்த ஜன்னலைத் திறந்திருந்தா கேட்டிருக்கும். குளிர்னு மூடி வெச்சிருந்தோம். கதவுப் பக்கத்து நாற்காலி காலியா இருக்குன்னு பாத்தோம். எட்கர் போன வாரம் சொன்னது இன்னும் எனக்குள்ள வேலை செய்யுதுன்னு ரோசலிண்ட் எழுந்து நின்னு சொன்னா. எல்லாரும் கண்ணை மூடி அவரை வெளிச்சத்துல வெச்சோம். மறுநாள் தபால் குடுக்க வந்த பொண்ணு கதவு ஓட்டை வழியாப் பாத்துட்டுக் கத்தியிருக்கா. அதுக்குள்ள அவர் போயிட்டார்.

தண்ணி குடிங்க. நான் குடிக்கறேன், நீங்களும் குடிங்க.

நோரா இப்ப வேற ஊர்ல, ஒரு இல்லத்துல இருக்காங்க. நான் ஒரு தடவை போனேன். ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. அவர் உங்ககிட்ட சொன்னாரே, சொல்லலையான்னு கேட்டாங்க. சொன்னார்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்?

நாங்க ஒண்ணும் செய்யாம விட்டுடல. தப்பா நினைக்காதீங்க, நாங்க ரொம்ப பொறுப்பானவங்க. மாசக் கூட்டத்துல உக்காந்து பேசினோம். எங்ககிட்ட ஓட்டுப் போடறது கிடையாது. எல்லார் மனசும் ஒண்ணாச்சுன்னு கிளார்க்குக்குத் தெரியற வரைக்கும் உக்காரணும், அப்புறம் அவங்க அங்கயே தீர்மானத்தை எழுதிப் படிப்பாங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் நிக்கும். நம் நண்பர் எட்கரின் வார்த்தைகளை நாம் முழுமையாகக் கேட்கத் தவறியதை ஆழ்ந்த வருத்தத்துடன் உணர்கிறோம்னு எழுதினா ரோசலிண்ட். கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகா இருந்துச்சு, நானும் ஒத்துக்கிட்டேன்; ரைஸ் புட்டிங்குக்காக ரெண்டு நிமிஷம் முன்னாடியே கையை நீட்டின அந்தக் கிழவி நான்தான்னு மட்டும் அதுல இல்ல, ஜூடித்.